பத்துப் பெரியப்பா

கதவுக்கு வெளியே நின்று கிரீடத்தைச் சரிசெய்துகொள்ள அருள்செல்வன் சாருக்கு மூன்று நிமிடம் ஆகும். தெர்மோகோலில் வெட்டி, தங்க நிறக் காகிதம் ஒட்டி, நெற்றிப் பக்கம் '100' என்று எழுதிய கிரீடம் அது. ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்ப்பார். காதோரத்து முடியை உள்ளே தள்ளுவார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து தேன் கலந்த வெந்நீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, கச்சேரிக்கு உட்காரப் போகிறவர் போலத் தொண்டையைச் செருமிப் பார்ப்பார். உள்ளே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது வராந்தா வரை கேட்கும். கேட்காதது போல் நிற்பார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் முற்றட்டும் என்றுதான் அவர் காத்திருக்கிறார்.

இத்தனை ஏற்பாடும் ஒன்று, பத்து, நூறு சொல்லிக்கொடுப்பதற்கு. ஓர் எண்ணில் இடப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும் என்கிற பாடம். பத்துக் குச்சிகளை எண்ணி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்து, இது எத்தனை என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறவரை எந்தப் பள்ளிக்கூடம் வெளியிலிருந்து கூப்பிட்டு, மாலை போட்டு, மைக் கொடுக்கும்? அது அருள்செல்வன் சாருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்த கணக்குகளில் அது ஒன்று.

விசிட்டிங் கார்டில் 'கணித மகிழ்ச்சிப் பயிற்றுநர்' என்று போட்டிருக்கிறார். பட்டம் எங்கே வாங்கியது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவதற்கு, ஆன்லைனில் இரண்டு நாள் நடந்த பயிற்சியின் சான்றிதழை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறார். திங்கள் மண்ணரை, செவ்வாய் ராயபுரம், புதனும் வியாழனும் பெருமாநல்லூர்ப் பக்கம் இரண்டு பள்ளிகள். வெள்ளிக்கிழமை 'ஆர் அண்ட் டி'. அதாவது அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து புதுத் தொப்பி வெட்டுவார். பனியன் மூட்டை போடுகிற பெரிய பாலித்தீன் பையில் தொப்பிகளை அடைத்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தால், பை வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

இதற்கு முன்னால் ஆறு வருடம் அவர் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது. யாராவது கிளறினால், "மூளைக்கு வேலையில்லாத ஃபீல்டுங்க அது. கட்டு, பெட்டில போடு, லாரில ஏத்து, அவ்வளவுதானுங்க" என்று முடித்துக்கொள்வார். மூளைக்கு வேலையுள்ள துறைக்கு வந்து நாலு வருடமாகிறது. மூளைக்கான வேலை அங்கேயேதான் காத்துக்கொண்டிருக்கிறது. இவர் இன்னும் தொப்பி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் "சாம்பியன்ஸ், ரெடியா?" என்பார். பிள்ளைகள் கத்துவார்கள். சாக்பீஸ் தூசி தொண்டைக்கு ஆகாது என்பதால் கரும்பலகைப் பக்கமே போக மாட்டார். தரையில் கலர் டேப் ஒட்டி மூன்று கட்டம் போடுவார். ஒவ்வொன்றும் ஒரு வீடு. பிறகு பாட்டு. அதை அவரே எழுதி அவரே மெட்டும் போட்டிருக்கிறார்:

"ஒண்ணாம் ஊட்டுல ஒல்லித் தம்பி,
பத்தாம் ஊட்டுல தொப்பைப் பெரியப்பா,
நூறாம் ஊட்டுல மீசை அப்புச்சி!"

பெரியப்பாவாக நிற்கும் பிள்ளைக்கு வயிற்றில் தலையணை கட்டப்படும். அப்புச்சிக்கு, அதாவது தாத்தாவுக்கு, கறுப்புத் துணியில் மீசை. தம்பிக்கு ஒன்றும் கிடையாது, அதனால் தம்பியாக நிற்க யாருக்கும் மனம் வராது. முந்நூற்று ஐம்பத்திரண்டு என்று சார் சொன்னால் மூன்று மீசை, ஐந்து தொப்பை, இரண்டு ஒல்லி ஓடிவந்து கட்டத்தில் நிற்க வேண்டும். தலையணைக்கு அடிதடி நடக்கும். யாராவது ஒருத்தி அழுவாள். கடைசியில் 'ராக்கெட் கிளாப்' என்று ஒன்று. கையைத் தட்டிக்கொண்டே எழுந்து, குதித்து, கூரையை நோக்கிக் கையை வீச வேண்டும். மணி அடித்ததும் டேப்பைப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டு, தலையணையைத் தட்டி, கைகளில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பத்து என்றால் யார் என்று அந்த வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தொப்பை இருக்கிறவர் என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்தத் தொப்பைக்குள்ளே பத்து ஒன்றுகள் இருக்கின்றன என்பதைப் பொங்கல் கழிந்து ஆறு திங்கட்கிழமைகளில் ஒரு தடவைகூட அவர் பிரித்துக் காட்டவில்லை. பாட்டில் அதற்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன? கணக்கு நேரத்தில் தலையணை கட்டிக்கொண்டு ஆடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும். 'பத்துப் பெரியப்பா சார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிற சிலர் உண்டு. அருள்செல்வன் சாருக்கு வகுப்பில் நூறாக இருக்க வேண்டும். கிரீடத்தை எந்தப் பிள்ளையின் தலையிலும் அவர் வைத்ததில்லை, கசங்கிவிடும் என்பார்.

மண்ணரைப் பள்ளிக்கு அவரைக் கொண்டுவந்தவர் தாளாளர் ஜானகியம்மாள். கணவர் நடத்திய பனியன் கம்பெனிக் கட்டடத்தைத்தான் தடுப்பு வைத்து வகுப்புகளாக்கியிருக்கிறார். பக்கத்துப் பள்ளியில் ரோபோ வைத்து என்னவோ சொல்லிக்கொடுக்கிறார்களாம், நாமும் ஏதாவது வைக்காவிட்டால் அட்மிஷன் குறைந்துபோகும் என்று அவருக்குக் கவலை. ரோபோவைவிடத் தொப்பி வைத்த மனுஷன் சுலபமாகக் கிடைத்தார்.

வகுப்பு டீச்சர் ஜஹானாரா திங்கட்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். சார் போன பிறகு நானூற்று ஏழு எழுதச் சொன்னால் பாதி வகுப்பு 4007 என்று எழுதியது. நானூறை முழுதாக எழுதிவிட்டுப் பக்கத்தில் ஏழைப் போட்டுவிட்டார்கள். ஜஹானாரா அந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டு போய் சாரிடம் காட்டினார். சார் நோட்டைக் கையில் வாங்கவில்லை. "முகத்துல எக்ஸ்பிரஷனப் பாருங்க மேடம், எழுத்தப் பாக்காதீங்க" என்றார்.

எழுத்தைப் பார்த்துத்தான் ஜஹானாராவுக்குச் சம்பளம். பிப்ரவரியில் மூன்று வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐஸ் குச்சிகளை மூட்டையாக வாங்கிவந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் பத்துக் குச்சி எண்ண வேண்டும், கட்ட வேண்டும், அவிழ்க்க வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். பாட்டு இல்லை, தலையணை இல்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது வாரக் கடைசியில் நானூற்று ஏழு நோட்டுகளில் ஒழுங்காக 407 என்று உட்கார்ந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அதைப் பார்த்த அருள்செல்வன் சார் ஜானகியம்மாளைத் தேடிப் போய், பாட்டு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார். ஜஹானாரா அப்போது அங்கேதான் வருகைப் பதிவேட்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

அந்த மூன்று வாரமும் பள்ளிக்கு வராத பிள்ளை ஒருத்தி உண்டு. அனுப்பிரியா. அம்மை போட்டு, வேப்பிலைக்கு நடுவே வீட்டில் கிடந்தாள். ஆக, அந்த வகுப்பில் பெரியப்பாவின் பாட்டை மட்டும் கேட்டு, குச்சியைத் தொடாமல் தேறவேண்டியவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் முதல் திங்கட்கிழமை பரீட்சை. அவர் 'அசெஸ்மெண்ட்' என்பார். ஆளுக்கொரு டப்பாவில் கலர் ஸ்ட்ரா துண்டுகள், ஒரு கைப்பிடி ரப்பர் பேண்ட், ஒரு தாள். தாளில் 'கட்டு', 'உதிரி' என்று இரண்டு கோடுகள். கட்டு எத்தனை, உதிரி எத்தனை என்று எழுத வேண்டும். மூன்று தடவை டப்பா மாறும். முதலில் நாற்பத்தெட்டு, பிறகு அறுபது, கடைசியில் முப்பது. "சாம்பியன்ஸ், கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சார் மூலையில் உட்கார்ந்து கழன்றுபோன மீசைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

மூன்று தடவையும் முதலில் முடித்தவள் அனுப்பிரியா. அதை அவர் கவனிக்கத்தான் செய்தார். அவசரக்குடுக்கை என்று மனதில் போட்டுக்கொண்டார். வீட்டில் போய் விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தபோது அவர் நினைத்தது உறுதியாகிவிட்டது. நாற்பத்தெட்டுக்குக் கட்டு 4, உதிரி 0. அறுபதுக்குக் கட்டு 5, உதிரி 0. முப்பதுக்குக் கட்டு 2, உதிரி 6. மூன்றும் தப்பு. மற்ற நாற்பத்தொரு பேரும் தேறிவிட்டார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஒரு படிவம் வைத்திருக்கிறார். 'பயிற்சிக்கு முன்', 'பயிற்சிக்குப் பின்' என்று இரண்டு பத்தி. முதல் பத்தியில் 'எண்கள் பற்றிய தெளிவு இல்லை' என்று அச்சகத்திலேயே அடித்து வாங்கிவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் அதேதானே, எதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும்? இரண்டாவது பத்தியை மட்டும் கையால் நிரப்புவார். அனுப்பிரியாவுக்கு 'எண்ணத் தெரியாது' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அடுத்த வருட நோட்டீஸில் 'நூற்றுக்கு நூறு' என்று போட வேண்டும். நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று என்று போட்டால் யார் மதிப்பார்கள்? அந்த ஒருத்தி மறுபடி இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டால் இந்த வருடக் கணக்கிலிருந்து போய்விடுவாள். 'மீண்டும் இரண்டாம் வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது' என்று கீழே சேர்த்தார்.

சட்டப்படி பள்ளி அப்படி நிறுத்திவைக்க முடியாது. அதற்கு ஒரு வழி எல்லாப் பள்ளியிலும் வைத்திருக்கிறார்கள். பெற்றோரே விரும்பிக் கேட்பதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். கடிதத்தை ஆபீஸிலேயே டைப் அடித்துவிடுவார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஜஹானாரா ஒரு தடவை குறுக்கே விழுந்து பார்த்தார். பிள்ளை நூறு வரை தடுமாறாமல் எண்ணுகிறாள், அம்மையில் மூன்று வாரம் போனதுதான், அந்தத் தாளைக் காட்டுங்கள் என்று கேட்டார். அருள்செல்வன் சார் ஃபைலைத் திறக்கவில்லை. அது ரகசிய டேட்டாவாம், வகுப்பு டீச்சர் பார்த்தால் சார்பு வந்துவிடுமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவர் கூடத்தையும் பூட்டி வைத்துக்கொண்டார்.

அனுப்பிரியாவின் அம்மா சித்ராதேவி, கார்மெண்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு, கம்பெனியில் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், கையெழுத்துப் போடத் தாளாளர் அறைக்கு வந்திருந்தார். பக்கத்தில் அனுப்பிரியா. ஜானகியம்மாள் இருவரையும் உட்காரச் சொன்னார். பிள்ளை மட்டும் உட்கார்ந்தாள்.

அருள்செல்வன் சாருக்கு இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு குரல் உண்டு. நோயாளி வீட்டாரிடம் டாக்டர் பேசுகிற குரல். அந்தக் குரலில் சொன்னார்: "பாப்பா நல்ல பாப்பாதானுங்க. ஆனா பவுண்டேஷன் வீக்குங்க. எண்ணத் தெரியலீங்க. ஒரு வருஷம் நின்னு போனா ஒண்ணும் கொறஞ்சு போயிராதுங்க."

சித்ராதேவி கடிதத்தைப் பார்த்தார். தன் பேர் எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ரெண்டு தடவ கணக்குல நின்னவதானுங்க" என்றார் மெதுவாக. "மூணாந்தடவ பள்ளிக்கூடம் போகச் சொல்லி ஆருஞ் சொல்லல. கம்பெனிக்கு அனுப்பிப்போட்டாங்க. இவளையாச்சும் அப்பிடி உடக்கூடாதுன்னு இருந்தனுங்க."

அருள்செல்வன் சார் கடிதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார். சித்ராதேவி பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் கை தாளுக்குப் போகவில்லை. செக்கிங்கில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுது எங்கே என்று காட்டாமல் எந்த பீஸையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், யாராவது திருப்பினால் வாங்கவும் மாட்டார்கள்.

"என்ன தப்புப் பண்ணியிருக்கறான்னு பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

இதுவரை எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டதில்லை. சார் ரகசிய டேட்டா என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜானகியம்மாள், "காட்டுங்க சார், பெத்தவ கேக்கறா" என்றுவிட்டார். ஃபைலிலிருந்து தாள் வந்தது.

சித்ராதேவி அதை மேஜையில் விரித்து, விரல் வைத்துப் படித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. மறுபடி முதல் வரிக்கு வந்தார். அவர் முகத்தில் வெட்கம் போய்க் குழப்பம் வந்திருந்தது.

"இதுல தப்பு எங்கீங்க சார்?" என்றார். "நாப்பத்தெட்டுக்கு நாலு கட்டு, உதிரி இல்ல. அறுவதுக்கு அஞ்சு. முப்பதுக்கு ரெண்டு கட்டும் ஆறு பீஸும். டஜன் கணக்கு சரியாத்தானுங்க இருக்குது."

ஜானகியம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இருபது வருடம் கம்பெனி நடந்த வீட்டில் இருந்தவர். உதடு அசைய ஒரு தடவை எண்ணியதும், "அட, பன்னெண்டு பன்னெண்டாக் கட்டியிருக்குது புள்ள" என்றார்.

வேறு எப்படிக் கட்டுவாள்? சாயங்காலமானால் சித்ராதேவி வீட்டுக்குக் குழந்தைகள் ஜட்டி மூட்டை வரும். பிசிறு வெட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி, கட்டிங் வேஸ்ட் துணியால் கட்டி அனுப்ப வேண்டும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வயதிலிருந்து அனுப்பிரியா பார்த்த கட்டு அதுதான். மிஞ்சினால் உதிரி. கட்டு வேறு, உதிரி வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், எது எந்த இடத்தில் என்பதில் ஒரு பிசகும் கிடையாது. இடமதிப்பு என்று அருள்செல்வன் சார் நாலு வருடமாக ஊர் ஊராக ஆடுகிறாரே, அதன் உள்பாடமே இதுதான். அது முழுசாகப் புரிந்த பிள்ளைக்குப் பத்து என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போனது.

அருள்செல்வன் சாருக்கு ஜானகியம்மாளுக்கு முன்பே விளங்கிவிட்டது. சித்ராதேவி 'அறுவதுக்கு அஞ்சு' என்றபோதே விளங்கிவிட்டது. ஆறு வருடம் பேக்கிங் மேஜைகளுக்கு நடுவே நடந்து, பதினொன்றாகக் கட்டியவர்களின் கூலியைப் பிடித்தவர் அவர். நாற்பத்தெட்டும் அறுபதும் நாலு டஜன், ஐந்து டஜன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். அந்தத் தாளை விடைக்குறிப்போடு ஒப்பிட்ட அன்று அது அவர் கண்ணில் படவில்லை. காது சிவந்தது. ஆனால் அது ஒரு கணம்தான். தப்புச் செய்துவிட்டோமே என்ற இடத்தில் அவர் மனம் நிற்கவே இல்லை. இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தேட ஆரம்பித்திருந்தது.

"பத்துப் பத்தாக் கட்டோணும் பாப்பா" என்றார், தேனும் வெந்நீரும் கலந்த குரலில். "பாட்டுல வருதில்ல?"

அனுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டுல பெரியப்பாவுக்குத் தொப்பைன்னுதானுங்க சார் வருது. கட்டுறதுக்குப் பத்துன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

ஜானகியம்மாள் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். நாற்பத்தெட்டு ஸ்ட்ராக்களைப் பிள்ளையின் முன்னால் கொட்டியதும், "பத்துப் பத்தாக் கட்டு கண்ணு" என்றார். அவ்வளவுதான் பாடம். அனுப்பிரியாவின் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து ஜானகியம்மாளே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நாலு கட்டு வரிசையாக நின்றது. பக்கத்தில் எட்டு உதிரி. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், யாரும் கேட்காமல் தானே சொன்னாள்: "கட்டு சின்னதாயிருச்சு, அதனால உதிரி வந்துருச்சுங்க."

சித்ராதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜானகியம்மாள் விருப்பக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிள்ளை மூன்றாம் வகுப்புக்கே போகட்டும், திங்கட்கிழமை ஜஹானாராவிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் அதோடு முடிந்தது, ஒருத்தரைத் தவிர.

அருள்செல்வன் சார் கைதட்டினார். ராக்கெட் கிளாப். உட்கார்ந்தபடியே தட்டி, கையைக் கூரைப் பக்கம் வீசினார். கூடத் தட்ட யாருமில்லை. அதை அவர் பொருட்படுத்தவில்லை. பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றையும் இன்னொரு பேனாவையும் எடுத்தார். அனுப்பிரியாவின் பேரை எழுதினார். 'பயிற்சிக்கு முன்' பத்தியில் 'எண்கள் பற்றிய தெளிவு இல்லை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. 'பயிற்சிக்குப் பின்' பத்தியில் 'பத்துப் பத்தாகக் கட்டுகிறாள். முழுத் தெளிவு' என்று எழுதினார். கீழே பயிற்றுநர் என்ற இடத்தில் பெரிய 'அ' போட்டுக் கையெழுத்திட்டார்.

"இதுதானுங்க மேடம் நம்ம ப்ரோகிராமோட ரிசல்ட்டு" என்றார் ஜானகியம்மாளிடம். "இந்த வருஷம் நூத்துக்கு நூறுங்க."

படிவத்தைச் சித்ராதேவி பக்கம் திருப்பி, பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். இது போடாவிட்டால் ரெக்கார்டில் ஏறாது, மூன்றாம் வகுப்புக்குப் பேர் போவதற்கு இதுவும் ஒரு ஆதாரம் என்றார். ஜானகியம்மாள் வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். நோட்டீஸில் நூற்றுக்கு நூறு போடுவது அவருக்கும் கசக்கிற விஷயமில்லை.

சித்ராதேவி தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். முதல் பத்தியை இரண்டு தடவை படித்தார். மகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, தட்டிக் காட்டிய இடத்தில் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். அருள்செல்வன் சார் தாளை எடுக்கக் கை நீட்டினார்.

"இருங்க சார்" என்றார் சித்ராதேவி.

செக்கிங் மேஜையில் துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால், பழுது இங்கே என்று காட்டி ஒட்டுவதற்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். அவசரத்துக்கு ஆகும் என்று பெண்கள் நாலைந்தைக் கோட்டுக் கையிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். சித்ராதேவி தன் கோட்டுக் கையிலிருந்து ஒன்றை உரித்தார். தாளின் அடியில், பயிற்றுநரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், முனை அந்தப் பெரிய 'அ'வைத் தொடும்படி நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"நேரமாச்சுங்க, வர்றனுங்க" என்று ஜானகியம்மாளிடம் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

துணியில் ஒட்டினால் அந்த ஸ்டிக்கர் சுலபமாக உரிந்து வந்துவிடும். காகிதத்தில் ஒட்டினால் காகிதத்தோடுதான் வரும். ஜானகியம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, அருள்செல்வன் சார் அதன் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார்.